பதினோரு கடிதங்களும் ஒரு டிபன் கேரியரும்

போன மாதம் நஸ்ரின் போன் பண்ணினாள். என்னிடம் வேலை கற்று, நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலிக்கு வந்தவள், கெட்டிக்காரி. "ராணிக்கா, மூணு மாசமா நம்ம புகார்ப் பெட்டிக்கு ஒரு புகார்கூட வரல. வெள்ளிக்கிழமை ஆபீஸ்ல கேக் வெட்டுறோம், நீங்க கட்டாயம் வரணும்" என்றாள்.

வாழ்த்துச் சொல்வதுதான் முறை. நானோ, ஒன்றுகூடவா என்று கேட்டேன். ஜீரோ என்றாள் பெருமையாக. வருகிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, அடுக்களைப் பரணில் ஏறி என் பழைய எவர்சில்வர் டிபன் கேரியரை இறக்கித் துடைத்தேன். மூன்றடுக்குக் கேரியர். மூடியில் 'புகாரில்லாப் பணிக்குப் பாராட்டு' என்று எழுத்து வெட்டி, கீழே என் பெயரும் போட்டிருக்கும். நஸ்ரினும் அதிலிருந்து எத்தனையோ நாள் புளியோதரை எடுத்துச் சாப்பிட்டிருக்கிறாள். அந்த மூடியின் கதையை அவளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. பெருமையான கதையாக இருந்தால் கேட்காமலேயே சொல்லியிருப்பேன்.

எங்களுடையது இணைய இணைப்பு கொடுக்கும் கம்பெனி. வீடுகளுக்கு நேராகக் கொடுப்பதில்லை. தெருத்தெருவாக வயர் இழுத்து வீடுகளுக்குக் கொடுக்கிற கேபிள் ஆபரேட்டர்கள், கல்லூரிகள், மண்டபங்கள், ஆஸ்பத்திரிகள் எங்களிடம் வாங்குவார்கள். இணையத்தில் சேருகிற கருவிக்கு ஒரு எண் வேண்டும், அதைத்தான் ஐ.பி. முகவரி என்கிறோம். அந்த எண்கள் எங்களுக்கு அளவாகத்தான் கிடைக்கும். யாருக்கு எத்தனை, யாருக்குப் பக்கத்தில் யார் என்று திட்டம் போட்டுப் பிரிப்பது என் வேலை. அதோடு மின்னஞ்சலில் வருகிற குப்பையை வடிகட்டுவதும் என் தலையில்தான் விடிந்தது. நாற்று நட்டுக் களை பறித்து எங்களைப் படிக்க வைத்த எங்கம்மா, 'எம் மக அட்ரஸ் குடுக்குற ஆபீஸ்ல இருக்கா' என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். பொங்கலுக்கு ஊருக்குப் போனால் தபால் வராதவர்கள் எல்லாம் என்னிடம் வந்து முறையிடுவார்கள்.

பாலிடெக்னிக் முடித்தது, கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்தது, கம்பெனியில் முதல் இரண்டு வருஷம் போன் எடுத்து 'ஒரு தடவை அமத்திட்டுப் போட்டுப் பாருங்க' என்று சொன்னது எல்லாவற்றையும் இந்த ஒரு வரியில் முடித்துக்கொள்கிறேன். அந்த இரண்டு வருஷத்தில் நான் கற்றுக்கொண்டதும் அந்த ஒரு வரிதான்.

மற்றதெல்லாம் காதர் பாயிடம் வேலை பார்த்ததில் வந்தது. அவர்தான் எங்கள் பிரிவுக்கு மேலதிகாரி. சிம்மக்கல்லில் அவருடைய அத்தா வெங்காய மொத்த வியாபாரம் பார்த்தவர். பாய் படித்தது எலக்ட்ரானிக்ஸ் என்றாலும் புத்தி முழுக்க வெங்காய மண்டிதான். புது வாடிக்கையாளர் வந்தால் மூட்டையை மோந்து பார்ப்பதுபோல் ஒரு நிமிஷம் சும்மா பார்ப்பார். அழுகின ஒன்று உள்ளே போனால் மூட்டையே நாறும் என்பது அவருடைய முதல் சட்டம். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் பென்சிலைச் சீவ ஆரம்பிப்பார். நான் சேர்ந்த முதல் மாதத்தில் அவருக்கு ஒரு டஜன் பென்சில் செலவாயிற்று.

எல்லாம் கம்ப்யூட்டரில் இருந்தாலும் அவரிடம் ஒரு நீளமான ரிஜிஸ்டர் உண்டு. எண் வரிசை, யாருக்கு, எந்த இடம், எதற்காக, கொடுத்த நாள், திரும்பி வந்த நாள், பக்கத்தில் யார். பென்சிலால்தான் எழுதுவார். எண் கேட்டு வருகிறவர் இன்றைக்கு எத்தனை கருவி, ஒரு வருஷத்தில் எத்தனை ஆகும் என்று படிவத்தில் எழுத வேண்டும். எழுதியதில் பாதியைக் கொடுத்து, அதே அளவு இடத்தைப் பக்கத்தில் காலியாக விட்டு வைப்பார், வளர்ந்தால் தொடர்ச்சியாகக் கொடுக்கலாம் என்று. யாராவது திருப்பிக் கொடுத்த எண்ணை உடனே அடுத்தவருக்குத் தர மாட்டார். முந்தைய ஆள் என்ன அழிச்சாட்டியம் பண்ணிவிட்டுப் போனானோ, மூன்று மாதம் ஆறட்டும் என்பார். வீடு காலி பண்ணிப் போனால் வெள்ளையடித்துத்தானே அடுத்த ஆளை வைப்போம், அதுதான் கணக்கு. ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பதை ஒரு நாளைக்கு நாலு தடவையாவது அவர் வாயால் கேட்போம்.

அளப்பதற்கு அவர் தயார்தான். அளவுக்கு நிற்கிற ஆள் வேண்டுமே. கோச்சடையில் பாண்டி என்று ஒரு கேபிள் ஆபரேட்டர். நாற்பது வீடுகூடத் தேறாத நிலையில் இருநூற்று ஐம்பத்தாறு எண்கள் வேண்டும் என்று வந்து நின்றார். எதற்கு இவ்வளவு என்றால், பக்கத்து ஏரியா ஆபரேட்டருக்கு அவ்வளவு இருக்கிறதாம், இவர் மட்டும் குறைச்சலா. படிவத்தில் அடுத்த வருஷ வளர்ச்சி என்ற கட்டத்தில் 'ஆத்தா புண்ணியத்தில் ஆயிரம்' என்று எழுதியிருந்தார். பாய் அதைப் படித்தார். பென்சிலைத் தேடவில்லை, நல்ல மனநிலையில் இருந்தார் போலிருக்கிறது. "ஆயிரம் வந்ததும் வாங்க பாண்டி. அதுவரைக்கும் அறுபத்தி நாலு" என்றார். பாண்டி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு என் மேஜைக்கு வந்து, அறுபத்தைந்தாகவாவது தரக் கூடாதா அக்கா என்று கேட்டார். கணினியில் அறுபத்தி நாலுக்கு அடுத்த அளவு நூற்று இருபத்தெட்டுதான் என்று விளக்கினேன். அப்ப அதையே குடுங்க என்றார்.

அந்த அறுபத்தி நாலை எங்கே வைப்பது என்பதில் எனக்கும் பாய்க்கும் ஒரு சின்ன வாக்குவாதம். இருநூற்று ஐம்பத்தாறு எண்கள் கொண்ட ஒரு தொகுதியில், ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரிக்கு ஏற்கெனவே பதினாறு எண்கள் கொடுத்திருந்தோம். மீதி காலி. வீட்டு எண்களையும் ஆபீஸ் எண்களையும் ஒரே மூட்டையில் போடாதே என்றார் பாய். இடம் வீணாகிறதே பாய், சும்மா கிடக்கிற நிலத்தைப் பார்த்தால் எனக்கு மனசு பொறுக்கவில்லை என்றேன். எங்கள் வீட்டில் நிலத்தைப் பார்த்தவர்கள் உண்டு, வைத்திருந்தவர்கள் கிடையாது. அதனாலோ என்னவோ, காலி நிலம் என்றால் எனக்குக் கை பரபரக்கும். பாய் விட்டுக்கொடுத்தார். கோச்சடை ஊரின் மேற்கு மூலை, ஒத்தக்கடை கிழக்கு மூலை. என் புண்ணியத்தில் இரண்டும் அடுத்தடுத்த வீடுகள் ஆயின.

இப்போது புகார்ப் பெட்டிக்கு வருகிறேன். எந்த இணையக் கம்பெனியும் ஒரு புகார்ப் பெட்டி வைத்திருக்க வேண்டும். 'உங்கள் எண் ஒன்றிலிருந்து எங்களுக்குக் குப்பை அஞ்சல் வருகிறது, பார்த்துச் சரிபண்ணுங்கள்' என்று உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் எழுதுவார்கள். தினமும் திறந்து படித்து, அந்த எண் யாருடையது என்று ரிஜிஸ்டரில் பார்த்து, கூப்பிட்டுச் சரிபண்ண வைப்பது முறை. ஆனால் அந்தப் பெட்டியில் புகாரைவிடக் குப்பை அதிகம். லாட்டரி விழுந்ததாக ஒருவன், எடை குறைக்க ஒருவன், கோடி கோடியாகத் தருகிறேன் என்று கடல் கடந்த இளவரசன் ஒருவன். அதே சமயத்தில் வாடிக்கையாளர்களுக்காக நான் ஒரு வடிகட்டி அமைத்திருந்தேன். அஞ்சலைப் படித்து மதிப்பெண் போடும், மதிப்பெண் எல்லை தாண்டினால் குப்பைக் கூடைக்குத் தள்ளிவிடும். பிரமாதமாக வேலை செய்தது. நாலு பேர் பாராட்டினார்கள். தலைகால் புரியவில்லை எனக்கு. ஒரு செவ்வாய்க்கிழமை, மாற்றப் படிவம் எழுதி, பாயிடம் கையெழுத்து வாங்கி, புகார்ப் பெட்டிக்கும் அந்த வடிகட்டியைப் போட்டுவிட்டேன்.

விஷயம் தெரிந்தவர்கள் இந்நேரம் தலையில் கை வைத்திருப்பார்கள். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். குப்பை அஞ்சல் பற்றிப் புகார் எழுதுகிறவர்கள், ஆதாரத்துக்கு அந்தக் குப்பையையும் முழுசாகச் சேர்த்து அனுப்புவார்கள். என் வடிகட்டி என்ன பண்ணும்? திருடனைக் கையும் களவுமாகப் பிடித்து இழுத்து வந்த ஆளையும் சேர்த்துத் திருடன் என்று வாசலிலேயே அடித்து விரட்டும் காவல்காரனை நான் வேலைக்கு வைத்திருந்தேன்.

அந்த மாதம் புகார் சுழியம். அடுத்த மாதமும் சுழியம். எல்லா ஆபரேட்டர்களும் திருந்திவிட்டார்கள் என்று மனப்பூர்வமாக நம்பினேன். சென்னையிலிருந்து முதலாளி வந்தார், கூட்டம் போட்டார், டிபன் கேரியரைக் கொடுத்தார், போட்டோ எடுத்தார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். பாய் மட்டும் தாடையைத் தடவிக்கொண்டு, "ஏம்மா ராணி, ஒருத்தன்கூடவா நம்மளத் திட்டல? மதுரைல?" என்றார். இவருக்கு என்னைப் பாராட்ட மனசு வரவில்லை என்று எனக்கு இரண்டு நாள் கோபம். புதுக் கேரியரில் கொண்டு போன சோற்றில் அவருக்குப் பங்கு கொடுக்கவில்லை.

மூன்றாவது மாதத்தில் ஒரு புதன்கிழமை காலை தங்கராசு சார் வந்தார். நான் சொன்ன ஒத்தக்கடைக் கல்லூரியில் மாணவர்களுக்கு வேலை வாங்கித் தரும் பொறுப்பில் இருந்தவர். எப்போதும் இஸ்திரி மடிப்புக் கலையாத மனிதர், அன்றைக்குச் சட்டைப் பித்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தார். கையில் ஒரு கட்டுக் காகிதம். சென்னையில் ஒரு பெரிய கம்பெனி அவருடைய மாணவர்கள் முப்பத்தெட்டு பேரை நேர்முகத் தேர்வுக்கு எடுத்திருந்தது. பெயர்ப் பட்டியலையும் சான்றிதழ்களையும் வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் மின்னஞ்சலில் அனுப்பி உறுதி செய்ய வேண்டும். கல்லூரியின் சொந்த அஞ்சல் முகவரியிலிருந்து வந்தால்தான் எடுத்துக்கொள்வார்கள். இவர் மூன்று தடவை அனுப்பிவிட்டார், மூன்றும் திரும்பி வந்துவிட்டன. தன்னுடைய சொந்த முகவரியிலிருந்து அனுப்பியதற்கு, கல்லூரி முகவரியிலிருந்து அனுப்பவும் என்று இயந்திரம் பதில் போட்டது. போன் செய்தால் பாட்டுத்தான் பாடுகிறது.

"முக்கால்வாசிப் பிள்ளைங்க வீட்டுல மொத பட்டதாரி மேடம். காட்டு வேலைக்குப் போறவுக வீட்டுப் பிள்ளைங்க. இத விட்டா அடுத்த வருசந்தான்" என்றார். யார் வீட்டுக் கதையை யாரிடம் சொல்கிறார் என்று அவருக்குத் தெரியாது.

திரும்பி வந்த அஞ்சலின் அடியில் காரணம் எழுதியிருக்கும், யாரும் படிக்க மாட்டார்கள். படித்தேன். உலகத்தில் சிலர் குப்பை அனுப்பும் எண்களைப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். பெரிய கம்பெனிகளின் அஞ்சல் இயந்திரங்கள் கதவைத் திறக்குமுன் அந்தப் பட்டியலைப் பார்க்கும். இருந்தால் திறக்காது. அதில் எங்கள் தொகுதி முழுக்க, இருநூற்று ஐம்பத்தாறு எண்களும் இருந்தன. விளக்கத்தையும் போட்டிருந்தார்கள். முதலில் ஒரே ஒரு எண்ணைத்தான் சேர்த்தோம், கடிதம் போட்டோம், பதில் இல்லை. பிறகு பக்கத்து எண்களைச் சேர்த்தோம், கடிதம் போட்டோம், பதில் இல்லை. மொத்தம் பதினோரு கடிதங்கள்.

எனக்குப் புரிந்துவிட்டது. புகார்ப் பெட்டியின் குப்பைக் கூடையைத் திறந்தேன். பதினொன்றும் வரிசையாகக் கிடந்தன. முதல் கடிதம் மரியாதையாக இருந்தது. நாலாவதில் கொஞ்சம் சலிப்பு. எட்டாவதில் எங்களுக்காகக் கவலைப்பட்டிருந்தார்கள், ஏதாவது விபத்தா என்று. பதினோராவது கடிதம் ஒரே வரி. 'அங்கே யாரும் குடியில்லை என்று முடிவு செய்கிறோம்.'

ஜன்னலோரம் டிபன் கேரியர் பளபளவென்று இருந்தது.

எழுந்து போய்ப் பாயிடம் சொன்னேன். வடிகட்டியைப் புகார்ப் பெட்டிக்குப் போட்டது நான், அதனால் வந்தது இது என்று. அவர் பென்சிலை எடுத்தார், சீவாமல் கீழே வைத்தார். அதுதான் எனக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது. கல்லூரிக்கு வேறு தொகுதியில் புது எண் கொடுத்துவிடலாமா என்று கேட்டேன். எந்த எண்ணிலிருந்து கல்லூரி அஞ்சல் வரும் என்று கல்லூரியின் இணையப் பெயர்ப் பதிவில் எழுதி வைத்திருப்பார்கள், அதை மாற்ற வேண்டுமே, மாற்றும் சாவி யாரிடம் என்றார். தங்கராசு சாரைக் கேட்டால், அந்தச் சாவியை வைத்திருக்கும் சிஸ்டம்காரர் மாலை போட்டுப் பழனிக்குப் பாதயாத்திரை போயிருக்கிறார், போனை வீட்டில் வைத்துவிட்டுப் போவது அவருடைய விரதம். முருகன் மனசு வைத்தாலும் மறுநாள் ஐந்து மணிக்குள் நடக்காது. ஆக ஒரே வழி, குப்பை அனுப்பிய கருவியைக் கண்டுபிடித்து நிறுத்தி, பட்டியல்காரர்களுக்கு எழுதி, அவர்கள் எங்கள் எண்களை எடுப்பதற்குக் காத்திருப்பது.

முதல் கடிதத்தில் இருந்த எண்ணை ரிஜிஸ்டரில் பார்த்தேன். பாண்டியுடைய அறுபத்தி நாலில் ஒன்று. பாண்டியிடம் ரிஜிஸ்டர் கிடையாது, ஞாபகம்தான். ஆனால் ஞாபகம் சுத்தம். "அதுவாக்கா? நம்ம மண்டபத்து கேமரா பொட்டி" என்றார் ஒரு நொடியில். கோச்சடையில் ஒரு கல்யாண மண்டபம், அங்கே கண்காணிப்புக் கேமராக்கள் பதிவாகும் பெட்டிக்கு ஒரு எண் கொடுத்திருந்தார். வாங்கிய அன்றைக்குப் பெட்டியில் என்ன பாஸ்வேர்டு இருந்ததோ அதையே விட்டுவிட்டார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆறு வரை. எவனோ வெளியூர்க்காரன் உள்ளே புகுந்து அந்தப் பெட்டியை வைத்துக் குப்பை அஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தான். அந்த எண்ணிலிருந்து அஞ்சல் வெளியே போகாமல் அடைத்துவிட்டேன், ஒரு நிமிஷ வேலை. ஆனால் பாய், எழுதப் போகிற கடிதத்தில் 'பார்த்தோம், சரிசெய்தோம்' என்று வர வேண்டும், போய்ப் பார்த்துவிட்டு வா என்றார்.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கோச்சடைக்கு ஓடினேன். மண்டபத்தில் காதுகுத்து. மேளம், மைக் செட், வாசலில் சீர்த்தட்டு வரிசை. பெட்டியை அணைத்துப் போட வேண்டும், நாலு நிமிஷம் ஆகும் என்றேன். மண்டப மேனேஜர் பதறிவிட்டார். குழந்தையின் தாய்மாமன் துபாயில் இருக்கிறாராம், லீவு கிடைக்கவில்லையாம். அந்தக் கேமரா வழியாகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். மடியில் உட்கார வைக்க வேறொரு மாமன், பார்க்க இவர். "மாமன் பாக்காம காது குத்துனா நாளைக்கு யாரு வந்து பேச்சு வாங்குறது? நீங்களா?" என்றார். நியாயமான கேள்விதான். அங்கே முப்பத்தெட்டு பேர், இங்கே ஒரு குழந்தையின் இரண்டு காது. குத்தி முடியும்வரை நின்றேன். குழந்தை அழுத அழுகையில் எனக்கும் கண் கலங்கியது, காரணம்தான் வேறு.

பிறகு பெட்டியைச் சுத்தம் பண்ணி, புது மென்பொருள் ஏற்றி, யாராலும் யூகிக்க முடியாத பாஸ்வேர்டு ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். மேனேஜர் அதை மறக்காமல் இருக்க மார்க்கர் பேனாவால் பெட்டியின் மேலேயே கொட்டை எழுத்தில் எழுதி வைத்தார். சாப்பிடாமல் போகக் கூடாது என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். கறிக்குழம்பு வாசனை ஊரைத் தூக்கியது. கும்பிட்டுவிட்டு ஓடி வந்தேன். இன்றைக்கும் அந்தக் குழம்பை நினைத்தால் வருத்தம்தான்.

ஆபீஸில் கடிதம் எழுத உட்கார்ந்தேன். பட்டியலிலிருந்து பெயரை எடுக்க, என்ன நடந்தது, இனி நடக்காமலிருக்க என்ன செய்தீர்கள் என்று எழுத வேண்டும். 'எங்கள் அமைப்பில் ஏற்பட்ட ஒரு தொழில்நுட்பக் கோளாறினால் தங்கள் கடிதங்கள் கிடைக்கப்பெறவில்லை' என்று அழகாக ஆரம்பித்தேன். பாய் பின்னால் நின்று படித்தார்.

"கோளாறு யாரு?" என்றார்.

"சிஸ்டம்தான் பாய்."

"சிஸ்டத்துக்குச் சொந்தமா புத்தி இருந்தா நம்ம ரெண்டு பேருக்கும் எதுக்கும்மா சோறு?"

அந்தக் கடிதத்தின் நகல் சென்னையில் முதலாளிக்குப் போகும். எழுதினால் வேலை போகலாம் என்ற பயம் எனக்கு நிஜமாகவே இருந்தது. எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் பார்த்த முதல் ஆள் நான். அழித்தேன். 'புகார்ப் பெட்டிக்கு வடிகட்டி போட்டது நான். புகாருடன் குப்பையும் சேர்ந்து வரும் என்பதை யோசிக்கவில்லை. உங்கள் பதினோரு கடிதங்களையும் இன்றுதான் படித்தேன். வடிகட்டியை எடுத்துவிட்டேன்' என்று எழுதி, அடியில் என் பெயரைப் போட்டேன். தள்ளிக்கோ என்று சொல்லிப் பாய் உட்கார்ந்து, ஒற்றை விரலால் தட்டித் தட்டி, 'மாற்றப் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டது நான்' என்று ஒரு வரி சேர்த்துத் தன் பெயரையும் போட்டார். அந்த மனிதர் படிக்காமல் கையெழுத்துப் போடுவார் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். கொஞ்சம் ஆறுதலாக இருந்தது என்பதை மறைக்கவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்குக் கடிதம் போயிற்று.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கே தங்கராசு சார் வந்து உட்கார்ந்துவிட்டார். புகார்ப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நானும் உட்கார்ந்தேன். பத்து மணி, பதினொன்று. லாட்டரிக்காரன் வந்தான், இளவரசன் வந்தான், பட்டியல்காரர்கள் வரவில்லை. பன்னிரண்டு மணிக்கு சார், நேராகச் சென்னைக்கு பஸ் ஏறிவிடட்டுமா என்றார். ஏறினால் ஐந்து மணிக்கு விழுப்புரம்கூடத் தாண்டாது என்றேன். அதற்கப்புறம் அவர் முப்பத்தெட்டு பெயர்களையும் விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தார், ஏதோ பரீட்சைக்குப் போவதுபோல. என் கேரியரில் இருந்த தயிர்ச்சோற்றை அவருக்குக் கொடுத்தேன். மூடியைப் பார்த்துவிட்டு, பெரிய விருதுதான் மேடம் என்றார். கிண்டல் இல்லை, மனசாரத்தான் சொன்னார். அதுதான் இன்னும் மோசம்.

மூன்று மணி தாண்டியது. பாய் தொழுதுவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றார். "பதில் எந்தப் பெட்டிக்கு வரணும்னு எழுதுன?" என்றார்.

புகார்ப் பெட்டியை நம்பாமல் என்னுடைய ஆபீஸ் பெட்டி முகவரியைக் கொடுத்திருந்தேன். சொல்லும்போதே எனக்கு உறைத்துவிட்டது. இரண்டு பெட்டியையும்தான் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் என் பெட்டிக்கும் அதே வடிகட்டி. பட்டியல்காரர்கள் பதில் எழுதினால் பழைய புகாரையும் குப்பையையும் அடியில் ஒட்டித்தான் எழுதுவார்கள். என் பெட்டியின் குப்பைக் கூடையைத் திறந்தேன். காலை ஒன்பது இருபதிலிருந்து அது அங்கே கிடந்தது. நாங்கள் மூன்று பேரும் தவம் கிடந்த நேரமெல்லாம் பக்கத்து அறையில் படுத்திருந்திருக்கிறது.

'ஆக, அங்கே ஆள் இருக்கிறது. மகிழ்ச்சி. உங்கள் எண்கள் அனைத்தையும் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டோம். சில மணி நேரத்தில் கதவுகள் திறக்கும்' என்று எழுதியிருந்தார்கள்.

சில மணி நேரமும் எப்போதோ கடந்துவிட்டது. தங்கராசு சார் கல்லூரிக்குப் போன் போட்டு அனுப்பச் சொன்னார். மூன்று நாற்பத்தைந்துக்கு, கிடைத்தது என்று சென்னையிலிருந்து பதில் வந்தது. சார் கைகளால் முகத்தைப் பொத்திக்கொண்டார். பிறகு எழுந்து, என்ன செய்வது என்று தெரியாமல் எனக்கு ஒரு சல்யூட் அடித்தார். நியாயமாகப் பார்த்தால் அவர் என்னை அடித்திருக்க வேண்டும். அந்த முப்பத்தெட்டு பேரும் நேர்முகத் தேர்வுக்குப் போனார்கள். மற்றது அவர்கள் சாமர்த்தியம்.

சென்னையிலிருந்து எனக்கும் பாய்க்கும் ஆளுக்கொரு மெமோ வந்தது, வேலை தப்பியது. மறுநாள் கேரியரைக் கழுவித் துடைத்துப் பாயின் மேஜையில் கொண்டு போய் வைத்தேன், முதலாளிக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று. மூடியை எடுத்து வாசித்தார். "நீயே வச்சுக்கம்மா. தினமும் மதியம் திறக்குறப்ப வாசிச்சுக்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஓய்வு பெறும்வரை அதில்தான் சோறு கொண்டு போனேன், வாசித்துவிட்டுத்தான் திறந்தேன்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்தோம். திங்கட்கிழமை காலையில் எங்களில் ஒருவர் வெளி முகவரியிலிருந்து புகார்ப் பெட்டிக்கு ஒரு புகார் அனுப்ப வேண்டும், அந்த வாரத்தின் ஆகக் கேவலமான குப்பையைச் சேர்த்து. கால் மணி நேரத்தில் வந்து சேரவில்லை என்றால் மற்ற வேலையெல்லாம் நிற்கும். திங்கட்கிழமைத் திட்டு என்று அதற்குப் பெயர். பாய் தன் முறை வரும்போது என் சமையலைப் பற்றி எழுதுவார். அவர் ஓய்வு பெற்ற பிறகும் அது தொடர்ந்தது. நானும் ஓய்வு பெற்று வந்தபிறகுதான், புது மென்பொருள் தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது என்று நிறுத்திவிட்டார்களாம். இப்போது எண்களும் அப்படித்தான். புதுவகை ஐ.பி. எண்கள் கடல் போல் இருக்கின்றன, பிள்ளைகள் வாளியில் மொண்டு கொடுக்கிறார்கள். கொடுக்கட்டும். ஆனால் மூன்று மாதம் சுழியம் என்றால், எனக்குக் கேக் தொண்டையில் இறங்காது.

அதனால் வெள்ளிக்கிழமை காலை வீட்டிலிருந்தே ஒரு புகார் எழுதினேன், பேர் போடாமல், நாலு வரி காரமாக. என் பெட்டிக்கு வந்த எடை குறைப்பு மருந்து விளம்பரம் ஒன்றை அடியில் ஒட்டி அனுப்பிவிட்டு, கேரியரைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். வழியில் மூன்று தடவை போனைப் பார்த்தேன். பதில் இல்லை. மாட்டுத்தாவணியில் இறங்கும்போது மறுபடி பார்த்தேன், இல்லை. பாவிப் பிள்ளைகளா, நான் விழுந்த அதே குழியிலா என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தேன். பட்டியலில் இந்நேரம் எத்தனை எண்கள் ஏறியிருக்கின்றனவோ, எந்தக் கல்லூரி வாசலில் யார் காகிதக் கட்டோடு நிற்கிறார்களோ.

ஆபீஸில் பலூன் கட்டியிருந்தார்கள். கேக்கின் மேல் பெரிதாக ஒரு சுழியம். நான் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. நஸ்ரினைத் தனியாகக் கூப்பிட்டு, இன்றைக்குப் புகார்ப் பெட்டியைத் திறந்தாயா என்று கேட்டேன். அவள் முகம் சுண்டியது.

"அத ஏங்க்கா கேக்குறீங்க. இன்னைக்குன்னு பாத்து ஒண்ணு வந்துருச்சு. பேர்கூடப் போடல, என்னா திட்டு. ஒம்பது மணிக்கே பதில் போட்டுட்டேன். மறைக்கவா முடியும்" என்றாள். கத்தியை எடுத்து, கேக்கின் மேலிருந்த சுழியத்தைக் கவனமாக வழித்துவிட்டு, அந்த இடத்தில் ஒன்று என்று கோடு கிழித்தாள்.

அந்த ஒன்றைப் பார்த்ததும் எனக்கு வந்த நிம்மதியை எழுதத் தெரியவில்லை. அது நான்தாண்டி என்றேன். அவளுக்குப் புரியவில்லை. எல்லாக் கதையையும் அங்கேயே நின்று சொன்னேன், பதினோரு கடிதம், காதுகுத்து, முப்பத்தெட்டு பேர் எல்லாம். கேட்டு முடித்துவிட்டு நஸ்ரின், அப்ப என் பதில் ஏன் உங்களுக்கு வரல என்றாள். கையை நீட்டி என் போனை வாங்கினாள். என் சொந்தப் பெட்டியின் குப்பைக் கூடையைத் திறந்தாள். காலை ஒன்பது நாலுக்கு, 'மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே' என்று ஆரம்பித்து அவள் எழுதிய பதில், எடை குறைப்பு மருந்துக்கும் இளவரசனுக்கும் நடுவில் கிடந்தது.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இனி இது உங்களுடையது என்று சொல்லிப் பையிலிருந்த கேரியரை எடுத்து மேஜையில் வைத்தேன். நஸ்ரின் மூடியைத் திருப்பி வாசித்தாள். பிறகு அடுக்கைத் திறந்து, அந்த ஒன்று போட்டிருந்த துண்டை வெட்டி உள்ளே வைத்து மூடி, என் கையிலேயே கொடுத்தாள்.

"நீங்களே வச்சுக்கங்கக்கா" என்றாள்.